குழந்தைசாமி வேண்டாமென்ற மெஷின்

மைசூர் மேட்டகள்ளியில் புது டிவி வாங்க நினைப்பவர்கள் நேராகக் கடைக்குப் போவதில்லை. முதலில் குழந்தைசாமி வீட்டு வாசலில் கிடக்கும் நீல நாற்காலிக்குப் போவார்கள்.

சர்ச்சில் ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் குழந்தைசாமி அந்த பிளாஸ்டிக் நாற்காலியை வெளியே எடுத்துப் போடுவார். எதிரே மர பெஞ்சில் தான் உட்கார்ந்துகொள்வார். வருகிறவரிடம் மூன்று கேள்வி கேட்பார். யார் உபயோகிக்கப் போறாங்க? எதுக்கு? கெட்டுப் போனா யார் வந்து பாப்பாங்க? மூன்றுக்கும் பதில் வாங்காமல் அவர் வாயிலிருந்து ஒரு கம்பெனிப் பெயர் வராது.

பக்கத்து வீட்டு லிங்கம்மா சுவர் அளவு டிவி வாங்கத் துணிந்தபோது, குழந்தைசாமி எழுந்து போய் அவர் வீட்டு ஹாலின் அகலத்தை முழம் போட்டுப் பார்த்தார். இந்த ஹாலுக்குள் அந்த டிவி வந்தால் லிங்கம்மா ரோட்டில் நின்றுதான் சீரியல் பார்க்க வேண்டும் என்று தீர்ப்பானது. லக்கேஜ் ஆட்டோ ஓட்டும் சீனு, பிபி காட்டும் கைக்கடிகாரம் கேட்டு வந்தான். பெரியாஸ்பத்திரியில் கையில் பட்டை கட்டிச் சும்மாவே பார்ப்பார்கள், கடிகாரத்தில் மணி மட்டும் பார் என்று அனுப்பிவிட்டார். ரிட்டயர்டு வாத்தியார் ரத்தினசாமிக்கு, தானாகத் தரை பெருக்கும் ரோபோ மேல் ஆசை. அவர் வீட்டில் அறைக்கு அறை வாசற்படி உண்டு. "ஒவ்வொரு படிகிட்டயும் நின்னு தூக்கி விடச் சொல்லும் சார். பேரனை வளக்குற மாதிரி வளக்கணும்" என்றார் குழந்தைசாமி. வாத்தியார் பழைய துடைப்பத்தோடு சமாதானமானார்.

தொழிலும் அப்படி. ஹெப்பாள் இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் பேரிங் செய்யும் ஃபேக்டரியில் தரப் பரிசோதகர். முடி அளவு கோணல் இருந்தாலும் எடுத்து ஓரம் வைக்க வேண்டும். வேண்டாம் என்று சொல்வதற்குச் சம்பளம் வாங்குகிற மனிதர்.

சரி, அவர் வீட்டில் என்னதான் இருந்தது?

ஒன்றுமில்லை.

முதுகு புடைத்த பழைய டிவி ஒன்று. ஷாரன் நர்சிங் படிக்கப் போன வருஷம் தொடங்கிய வாஷிங் மெஷின் விசாரணை, அவள் கொள்ளேகாலில் வாக்கப்பட்டு ஏழு மாதக் கர்ப்பிணியான பிறகும் முடியவில்லை. மெஷினுக்கென்று அன்றே போட்டு வைத்த பெரிய பிளக்கில் இத்தனை காலமும் கொசுமருந்து பாட்டில்தான் எரிந்தது. எதை எடுத்தாலும் ஒரு குறை கண்ணில் படும். ஆறு மாதத்தில் இதைவிட நல்லது வருகிறது என்பார். அவர் மனைவி மோலிக்கு அசல் காரணம் தெரியும். ஊருக்கு யோசனை சொல்கிறவர் வீட்டு மெஷினே படுத்துவிட்டால் அப்புறம் அந்த நாற்காலியில் எவர் வந்து உட்காருவார்? இந்தப் பயம்தான். ஆனால் மோலி இதை வெளியே சொன்னதில்லை. நர்சரி டீச்சர். பொறுமை அவளுக்குத் தொழிற்பயிற்சி.

வீட்டில் வாய்விட்டுப் புலம்பியவன் மகன் டேவிஸ் ஒருவன்தான். அவனுக்கு நகரத்தில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் ஷோரூமில் சேல்ஸ் வேலை. மகன் கடைக்குள் இழுக்கும் கஸ்டமரை அப்பன் வாசலிலேயே திருப்பி அனுப்பினால் மாச டார்கெட் எங்கே போய் முட்டும்?

இப்படிப் போய்க்கொண்டிருந்த வீட்டில்தான் அந்த வியாழக்கிழமை போன் அடித்தது.

*

ஆடி மாதத்து மைசூர் மழை அடித்துப் பெய்யாது. நசநசவென்று காலையில் தொடங்கி மாலையில் இன்னும் நசநசக்கும். வெயில் எட்டிப் பார்ப்பதற்குள் மேகம் வந்து வாயை மூடிவிடும். மோலி வீட்டு ஹாலில் குறுக்கும் நெடுக்குமாக மூன்று கொடி. அதில் ஃபேக்டரி பேண்ட், ஷோரூம் டீ-ஷர்ட், பெட்ஷீட். கீழே சொட்டுக்கு ஒரு பக்கெட். ஈரத் துண்டை விலக்கிவிட்டுத்தான் டிவியில் செய்தி பார்க்க முடியும். வீடு முழுக்க ஊறின துணி வாசனை.

போனில் கொள்ளேகால் சம்பந்தியம்மா உமாதேவி. நல்ல மனுஷி. குரலிலேயே தாம்பூலத் தட்டு இருக்கும். அன்றைக்கும் அப்படித்தான் ஆரம்பித்தார். வளைகாப்பு நன்றாக நடந்தது, மருமகள் நன்றாகச் சாப்பிடுகிறாள், எல்லாம் ஆண்டவன் புண்ணியம். பிறகு மெதுவாக விஷயத்துக்கு வந்தார்.

"ஏனுங்க சம்பந்தி, தலைப்பிரசவம் தாய்வீட்டுலதான். வளமொறை எனக்குந் தெரியுமுங்க. ஆனா மழையப் பாருங்க. கொழந்தத் துணி காயோணுமல்லங்க? எங்கூட்டுல டிரையரே தனியா வாங்கி வெச்சிருக்கறோம். இங்கயே பெத்துக்கட்டுமே. நீங்க வந்து கூட இருங்க."

மோலி கையில் பிழிந்துகொண்டிருந்த பெட்ஷீட்டிலிருந்து தண்ணீர் முழங்கை வழியாக வழிந்தது.

உமாதேவியே ஒரு வழியும் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை நஞ்சன்கூடு கோயிலில் ஒரு வேண்டுதல் இருக்கிறது. மகன் யுவன் காரில் எல்லோரும் வருகிறார்கள். சாமி கும்பிட்டுவிட்டு மத்தியானம் மேட்டகள்ளிக்கு வருவார்கள். வீட்டில் வசதி ஆகியிருந்தால் சரி. ஆகவில்லை என்றால் ஷாரன் வந்த காரிலேயே திரும்பிவிடட்டும்.

இரவு ஷாரன் தனியாகக் கூப்பிட்டாள். அம்மா மடிதான் வேண்டும் என்று அவளுக்கும் இருக்கிறது. ஆனால் பிரசவ வார்டில் வேலை பார்ப்பவள். "ஈரத் துணிய மட்டும் என்னால ஒத்துக்க முடியாதும்மா. பிள்ளைக்குத் தோல் புண்ணாயிடும். அப்பாகிட்ட சொல்லு" என்றாள்.

மோலி சொன்னாள். குழந்தைசாமி கேட்டார். கேட்டவர் எழுந்து நின்றார்.

"ஞாயித்துக்கெழமை மெஷின் வீட்டுல இருக்கும்" என்றார்.

மோலி கொடியில் தொங்கிய பேண்டைப் பார்த்தாள்.

*

வெள்ளிக்கிழமை ஷிஃப்ட் முடிந்து நாலு கடை ஏறி இறங்கினார். சனிக்கிழமை மகன் வேலை பார்க்கும் ஷோரூமுக்கே வந்துவிட்டார்.

டேவிஸ் கழுத்துப் பட்டையைச் சரிசெய்துகொண்டு வாங்க சார் என்றான். மானேஜர் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா என்று கூப்பிட்டால் டிஸ்கவுண்ட் கேட்கப் போகிறார்கள் என்று நினைத்துவிடுவார்.

முன்பக்கம் கதவு வைத்த மெஷினைக் காட்டினான். நல்ல மெஷின்தான், ஆனால் தண்ணீர் வேகமாக வர வேண்டும் என்றார் குழந்தைசாமி. அவர் வீட்டு மொட்டைமாடித் தொட்டி இரண்டு செங்கல் உயரத்தில் உட்கார்ந்திருக்கிறது, குழாயில் தண்ணீர் நடந்துதான் வரும். மேலே மூடி திறக்கும் ஆட்டோமேட்டிக்கைக் காட்டினான். ஒரு தடவைக்கு எத்தனை முறை நிரப்பிக் கொட்டுகிறது என்று கேட்டு உதட்டைப் பிதுக்கினார். கார்ப்பரேஷன் நல்லிக் குழாயில் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் தண்ணீர். துவைத்துக் காயவும் வைக்கும் மெஷின் பக்கம் போனார்கள். கொடுத்த துணியில் பாதியைத்தான் காய வைக்கும், அதற்கும் அரை நாள் ஆகும் என்று அவரே டேவிஸுக்கு விளக்கினார். பக்கத்தில் நின்ற ஒரு புதுக் கல்யாண ஜோடி அதைக் கேட்டுவிட்டுப் பில் போடாமல் வெளியே போனது.

"அப்பா, ப்ளீஸ்ப்பா" என்றான் டேவிஸ், பல்லுக்குள்.

கடைசி வரிசையில் ஒன்று நின்றது. துவைக்க ஒரு தொட்டி, சுழற்றிப் பிழிய ஒரு தொட்டி. பக்கெட்டால் தண்ணீர் ஊற்றினாலும் ஓடும். டேவிஸ் அதன்மேல் கையை வைக்கத்தான் செய்தான். குழந்தைசாமி திரும்பியும் பார்க்காமல் தாண்டிப் போனார்.

போகாமல் என்ன செய்வார்? இரண்டு தொட்டி மெஷினைப் பற்றி அவர் சொன்ன வாசகம் மேட்டகள்ளி முழுக்கப் பிரசித்தம். ரெண்டு தொட்டி வாங்குறவன் ரெண்டு தடவை அழுவான்; இந்தத் தொட்டியிலிருந்து அந்தத் தொட்டிக்கு ஈரத்தை அள்ளிப் போட ஒரு ஆள் வேண்டும் என்றால் அதற்கு எதற்கு மெஷின்? போன வருஷம் லிங்கம்மா ஆசையாகக் கேட்டபோது இதைச் சொல்லித்தான் தடுத்தார். தெருவே கைதட்டியது.

வெறுங்கையோடு வீடு திரும்பினார். மோலி சாதத்தைப் போட்டு ரசத்தை ஊற்றினாள். மணிக்கட்டில் தைலம் தடவிக்கொண்டு படுத்தாள். ஆனால் படுப்பதற்கு முன் ஒரு காரியம் செய்தாள். நாளைக்குப் பூசைக்கு உடுத்த வைத்திருந்த சேலையை மாற்றி, பள்ளி ஆண்டு விழாவுக்குக் கட்டும் சேலையை எடுத்து வைத்தாள்.

ஏதோ தீர்மானித்துவிட்டாள்.

*

ஞாயிறு. தூறல் கொஞ்சம் ஓய்ந்திருந்தது. நீல நாற்காலி வெளியே வந்தது. லிங்கம்மா, ரத்தினசாமி, லக்கேஜ் ஆட்டோவை நிறுத்திவிட்டு வந்த சீனு என்று கூட்டம் வழக்கம்போலக் கூடியது. குழந்தைசாமி முகத்தில் மட்டும் களை இல்லை. ஷாரனிடமிருந்து செய்தி வந்திருந்தது. சாமி கும்பிட்டாகிவிட்டது, டிபன் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புகிறார்கள்.

உள்ளே கோழிக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. மோலி அடுப்பைக் குறைத்துவிட்டுக் கையைத் துடைத்தாள். வெளியே வந்தாள். நேராகப் போய் நீல நாற்காலியில் உட்கார்ந்தாள்.

குழந்தைசாமி சுற்றும் முற்றும் பார்த்தார். "என்ன மோலி, நாலு பேரு இருக்காங்க."

"இருக்கட்டும் சார். லிங்கம்மாக்கா எனக்கு முறை விட்டுக் குடுத்துட்டாங்க. ஒரு யோசனை கேக்கணும்."

சீனு சிரித்தான். ரத்தினசாமி கண்ணாடியை மூக்கில் ஏற்றினார். குழந்தைசாமிக்கு வேறு வழியில்லை. பழக்கமும் ஒன்று இருக்கிறதே. வாய் தானாகக் கேட்டது. "என்ன வாங்கணும்?"

"துணி மெஷின்."

"யார் உபயோகிக்கப் போறாங்க?"

"நான்தான். வீட்டுக்காரரு ஃபேக்டரியில யானை யானையா மெஷின் பாப்பாரு. துணிப் பக்கம் வரமாட்டாரு."

லிங்கம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"எதுக்கு?" என்று கேட்டுவிட்டுக் குழந்தைசாமியே சிரித்தார். "துவைக்கத்தான்."

"இல்ல சார்."

சிரிப்பு பாதியில் நின்றது.

"துவைக்கிறது எனக்குக் கஷ்டமே இல்ல. கல்லு இருக்கு, கை இருக்கு. பொறக்கப் போற பிள்ளை துணிய அவரு யூனிஃபார்ம் போட்ட மெஷின்ல போட என் மக விடவும் மாட்டா. நான் கையாலதான் அலசப் போறேன். எனக்குப் பிழிஞ்சு குடுக்கணும் சார், அவ்வளவுதான். எங்க வீட்டுல துணி காயுறதில்ல, சொட்டுது. பெட்ஷீட்டைப் பிழிஞ்சு பிழிஞ்சு திங்கக்கிழமை போர்டுல 'அ' போட கை திரும்பல. இதை அவர் என்னைக் கேட்டதே இல்ல. எத்தனை கிலோ துவைக்கும், எத்தனை ஸ்டாருன்னு கடைக்காரனைத்தான் கேப்பாரு."

அடுத்த சந்தில் குக்கர் விசில் கேட்டது.

குழந்தைசாமி தலையைக் குனிந்துகொண்டார். மூன்றாவது கேள்வி சத்தமில்லாமல் வந்தது. "கெட்டுப் போனா யார் வருவா?"

"அடுத்த தெருவுல மிக்ஸி ரிப்பேர்காரர் இருக்காரு. அவருக்குப் புரியுற மெஷினா இருக்கணும். நல்லியில தண்ணி வராத அன்னிக்கு பக்கெட்டுல ஊத்துனா ஓடணும். இப்ப சொல்லுங்க சார். எது வாங்கட்டும்?"

பதில் அவருக்குத் தெரிந்துவிட்டது. இரண்டாவது கேள்வியிலேயே தெரிந்துவிட்டது. தெருவில் வேறு எவர் இப்படிப் பதில் சொல்லியிருந்தாலும் அந்த நிமிஷமே சொல்லி அனுப்பியிருப்பார். முனகினார்.

"பின்னாடி நிக்கிறவங்களுக்குக் கேக்கல சார்" என்றாள் மோலி. வகுப்பில் பேசும் அதே குரல்.

"ரெண்டு தொட்டி" என்றார் குழந்தைசாமி, உரக்க.

லிங்கம்மா எழுந்தே விட்டார். "ஏன் சாமி சார், போன வருஷம் நான் இதேதான கேட்டேன்? பேடா பேடா, வேண்டவே வேண்டாம்னு என்னைத் திருப்பி அனுப்புனீங்களே. ரெண்டு தடவை அழுவேன்னு சொன்னீங்க. நான் ஒரு வருஷமா டெய்லி அழுறேன், பிழிஞ்சு பிழிஞ்சு."

"தப்பாச் சொல்லிட்டேன் லிங்கம்மா" என்றார் குழந்தைசாமி. "வாழ்நாள்ல நான் ஒரு கைக்குட்டை பிழிஞ்சதில்ல."

இதைச் சொன்னதும் நாற்காலி கவிழ்ந்துவிடும், தெரு சிரித்துக் கலைந்துவிடும் என்று அவர் பயந்திருந்தார். சிரிக்கத்தான் செய்தது. கலையவில்லை. லிங்கம்மா தனக்கும் சேர்த்து ஒன்று சொல்லச் சொன்னார்.

குழந்தைசாமி டேவிஸுக்குப் போன் போட்டார். இரண்டு தொட்டி மெஷின் இரண்டு வேண்டும், ஒன்று நம் வீட்டுக்கு என்றார்.

"அப்பா, ஒடம்பு ஏதும் சரியில்லையா?" என்றான் டேவிஸ்.

*

சீனுவின் லக்கேஜ் ஆட்டோ பறந்தது. பின்னால் குழந்தைசாமி நின்றுகொண்டே போனார். வரும்போது இரண்டு அட்டைப்பெட்டிகளை இரண்டு கைகளாலும் அணைத்துக்கொண்டு, மேலே தார்ப்பாயைத் தலையால் தாங்கிக்கொண்டு வந்தார். ரிங் ரோடு சிக்னலில் சிவப்பு விழுந்தது. பக்கத்தில் ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. கண்ணாடி இறங்கியது.

"மாமா?" என்றான் யுவன்.

பின் சீட்டிலிருந்து உமாதேவி எட்டிப் பார்த்தார். தார்ப்பாயைத் தலையில் போட்டிருந்த சம்பந்தி இரண்டு கையும் கட்டுப்பட்ட நிலையில் தலையை மட்டும் ஆட்டி வணக்கம் சொன்னார். பச்சை விழுந்தது. சீனு முந்திவிட்டான்.

பக்கவாட்டுச் சந்தில் தகரக் கூரைக்கடியில் மெஷினை இறக்கி, கொசுமருந்து பாட்டிலைப் பிடுங்கி எறிந்துவிட்டு பிளக்கைச் செருகியபோது கார் வாசலில் நின்றது. மோலி மகளைக் கையைப் பிடித்து இறக்கினாள். ஷாரன் வந்தவுடன் ஹாலைப் பார்த்தாள். கொடியைப் பார்த்தாள். மூக்கைச் சுளித்தாள். உமாதேவியும் பார்த்தார்.

"இப்பப் பாருங்க சம்பந்தியம்மா" என்றார் குழந்தைசாமி. எல்லோரையும் சந்துக்கு அழைத்துப் போய், ஊறிக் கிடந்த பெட்ஷீட்டை அள்ளிப் பிழியும் தொட்டிக்குள் அமுக்கி, மூடியைச் சாத்தி, குமிழைத் திருகினார்.

மெஷின் உறுமியது. பிறகு குதித்தது. பிறகு நடக்க ஆரம்பித்தது. தடதடவென்று சுவரை விட்டு விலகி, சந்தின் குறுக்கே நேராக உமாதேவியை நோக்கி வந்தது. குழந்தைசாமி கட்டிப் பிடித்தார். அவரையும் இழுத்துக்கொண்டு வந்தது. வயர் நீளம் தீர்ந்து பிளக் பிடுங்கிக்கொண்டபோது, அது உமாதேவியின் செருப்பு நுனியில் நின்றிருந்தது.

தெரு மொத்தமும் காம்பவுண்டு சுவர்மேல்.

மோலி கண்ணை மூடிக்கொண்டாள். போச்சு. கார் திரும்பப் போகிறது, மகளும் போகப் போகிறாள்.

உமாதேவி முந்தானையை இடுப்பில் செருகினார். மெஷின் மூடியைத் திறந்து உள்ளே கையை விட்டார்.

"ஏனுங்க, துணிய ஒரே பக்கமா அமுக்கி வெச்சா இது நடக்காம என்ன பண்ணும்? சுத்திவர சமமாப் போடோணுங்க. மேல இந்தத் தட்டை அழுத்தி வெக்கோணும். இல்லீன்னா பஸ் ஏறிக் கொள்ளேகாலுக்கே வந்துரும்."

சமநிலை பார்க்கவே சம்பளம் வாங்குகிற மனிதர் தட்டைக் கையில் வாங்கிப் பார்த்தார். அட்டைப்பெட்டிக்குள் அது எதற்கு இருந்தது என்று அப்போதுதான் புரிந்தது. மெஷினைச் சுவரோரம் தள்ளி, பிளக்கை மறுபடி செருகினார்.

"உங்களுக்கு எப்படி இது..." என்றாள் மோலி.

"எங்கூட்டுல பொறத்தால இதுதானுங்க ஓடுது. டிரையர்ல போட்டு இவனோட கல்யாணச் சட்டை சுருங்கி, இனிப் பொறக்கற கொழந்தைக்குத்தான் ஆகும். அன்னைக்கு உறை போட்டு மூடுனதுதான், அதும் மேல இப்ப ஊறுகா ஜாடி இருக்குது."

யுவன் வானத்தைப் பார்த்தான்.

"அப்ப போன்ல சொன்னது?"

உமாதேவி தட்டைத் துணிமேல் அழுத்தி வைத்து மூடியைச் சாத்தினார். "புள்ளத்தாச்சிய உடறதுக்கு மனசு வரோணுமல்லங்க" என்றார். வேறு பக்கம் திரும்பிக்கொண்டு குமிழைத் திருகினார்.

இந்தத் தடவை மெஷின் நின்ற இடத்திலேயே சுழன்றது. கீழே குழாயில் தண்ணீர் சளசளவென்று கொட்டியது. நின்றதும் ஷாரன் பெட்ஷீட்டை எடுத்தாள். உதறினாள். ஒரு சொட்டு விழவில்லை. கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். எல்லோரும் அவள் முகத்தையே பார்த்தார்கள், வார்டில் ரிசல்ட்டுக்குக் காத்திருப்பவர்கள் மாதிரி.

"ஃபேனுக்குக் கீழ போட்டா ராத்திரிக்குள்ள காஞ்சிரும்" என்றாள். பெட்ஷீட்டை அப்பா தோளில் போட்டாள். "அம்மா, பசிக்குது. ராகி முத்தெ பண்ணியா?"

மோலி பதில் சொல்வதற்குள் உமாதேவி மகனிடம் திரும்பினார். "டேய், டிக்கியத் தொறந்து பொட்டிய எறக்கு. காலைல இவ நமக்குத் தெரியாம வெச்சுட்டு வந்திருக்கறா. நானும் பாத்தும் பாக்காத மாதிரி வந்தேன்."

*

ராகி முத்தெ உருண்டையும் கோழிக் குழம்பும் உள்ளே போன பிறகு, உமாதேவி வெற்றிலையை மென்றுகொண்டு வாசலுக்கு வந்தார். நீல நாற்காலி காலியாக இருந்தது. அதன் மகிமை ஷாரன் சொல்லி அவருக்கும் தெரியும். நிதானமாக உட்கார்ந்தார். லிங்கம்மா தன் மெஷினை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்தார்.

"ஏனுங்க சம்பந்தி, பாத்திரங் கழுவற மெஷின் ஒண்ணு வாங்கலாம்னு இருக்கறேன். வாங்கலாமுங்களா, வேண்டாமுங்களா?"

குழந்தைசாமி பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்தார். தொண்டையைக் கனைத்தார். முதல் கேள்வி நாக்கு நுனி வரை வந்தது. வாயை மூடிக்கொண்டார்.

எழுந்து நின்றார்.

"மோலி, இங்க வந்து என் இடத்துல உக்காரு. மூணு கேள்வியும் நீ கேளு" என்றார். சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்துவிட்டுக்கொண்டார். "சம்பந்தியம்மா, ஒரு அரை மணி நேரம் இருங்க. உள்ள எல்லாரும் சாப்பிட்ட தட்டு கிடக்கு. அதைக் கழுவிப் பாத்துட்டு வந்து பதில் சொல்றேன்."